ஆறாவது மெஷின்

"உங்க மெஷின் இன்னைக்கும் இல்லண்ணா. சர்வீஸ்ல இருக்கு."

ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தனலக்ஷ்மி தலை நிமிராமல் சொன்னாள்.

பெங்களூர் ஈஜிபுராவில் எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் டைல்ஸ் வெட்டும் மெஷின்கள் மொத்தம் ஆறு. ஐந்தை ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விட்டார்கள். ஆறாவது பச்சைமுத்துவுடையது. சனி, திங்கள், செவ்வாய், இன்று புதன். நாலு நாளாக அது கண்ணில் படவே இல்லை.

"எந்தக் கடையில குடுத்திருக்க? பேரைச் சொல்லு, நானே போய் வாங்கிட்டு வரேன்."

"வந்துரும்ண்ணா. அதுவரைக்கும் மார்க்கிங் பண்ணுங்க."

மார்க்கிங் என்றால் அளவெடுத்து டைல்ஸ் மேல் கோடு போடுவது. இருபத்து மூன்று வருடம் மெஷின் பிடித்தவர் பென்சில் பிடிக்க வேண்டும். அவர் போட்ட கோட்டில் அந்த ஐந்து பேரில் இளையவன் நரேஷ் வெட்டுவான்.

நரேஷுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, பென்சிலுக்கும் மூடி போட்டுக்கோங்க. ஸ்டோரக்கா பார்த்தா அதையும் புடுங்கிக்கும்!"

அந்த மூடிதான் விவகாரம். பிளேடு தெறித்து ஆளைக் கிழிக்காமலிருக்க மெஷினில் ஒரு மூடி உண்டு. கோடு மறைக்கிறது என்று பச்சைமுத்து அதைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பதினைந்து நாள் முன்பு தனலக்ஷ்மி கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் மாட்ட வைத்த பிறகுதான் விட்டாள்.

"கே.ஜி.எஃப்.லேருந்து ரயிலேறி வர்றது எனக்கு வேலை சொல்லிக் குடுக்கவா?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

அதை மனசில் வைத்துக்கொண்டுதான் பழி வாங்குகிறாள். வேறென்ன?

இன்று சாயங்காலம் அடுத்த கட்டடத்துக்கு ஆள் பட்டியல் போடுகிறார்கள். கையில் மெஷின் இல்லாதவன் பெயர் அதில் எப்படி வரும்? ஐம்பத்தொரு வயதில் இன்னொரு சைட் வாசலில் போய் நின்றால் யார் கூப்பிடுவார்கள்?

பதினோரு மணிக்கு என்ஜினியர் மமதா வந்தார். பச்சைமுத்து பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நேரே போய் நின்றார்.

"மேடம், நாலு நாளா எனக்கு மெஷின் இல்ல. சர்வீஸ்ங்கறாங்க. எந்தக் கடைன்னு கேட்டா பதில் இல்ல."

"ஏனு, என்ன தனலக்ஷ்மி இது? சர்வீஸ் சீட்டு எங்க?"

தனலக்ஷ்மி எழுந்து நின்றாள்.

"சீட்டு இல்ல மேடம். அனுப்ப மறந்துட்டேன். மெஷின் இங்கதான் இருக்கு."

"நாலு நாள் மறந்தியா? ஆறு மெஷின் பார்த்துக்க முடியல, உனக்கு எதுக்கு ஸ்டோர்?"

"தப்புதான் மேடம்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பார்த்துக்கறேன். இப்பவே எடுத்துக் குடு."

வெட்டிக்கொண்டிருந்த ஐந்து பேரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சைமுத்துவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மமதா மாடியேறிப் போனார். மற்றவர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். தனலக்ஷ்மி மேஜைக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்து வைத்தாள். அவர் பிளக்கைச் சொருகி ஓட்டிப் பார்த்தார். விர்ரென்று சுற்றியது.

"நல்லாத்தானே இருக்கு! எதுக்கும்மா இந்தப் பொய்?"

"மெஷின் நல்லாத்தாண்ணா இருக்கு. அதைக் கீழ வச்சிட்டு இதைப் பாருங்க."

கையெழுத்து நோட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினாள். போன வெள்ளிக்கிழமைப் பக்கம். சாயங்காலம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் போட்ட கையெழுத்து. அதைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்துபோன கறை, நாலு இடத்தில்.

"என்ன இது, டீயைக் கொட்டினியா?"

"உங்க ரத்தம்ண்ணா. டைல்ஸ் ஓரம் விரலைக் கிழிச்சிருந்தது. சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நீங்க என்னைத் திட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்க. உங்களுக்குத் தெரியவே இல்ல. அப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

பச்சைமுத்துவுக்கு நினைவு வந்தது. வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் காயத்தைப் பார்த்தார். பஸ் கம்பி கிழித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கட்டைவிரல் நகத்தால் சுட்டுவிரலை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். நகம் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. வலிதான் இல்லை. காலையில் விரல் வெளுப்பதை மூன்று வருடமாகப் பெங்களூர்க் குளிர் என்றே சொல்லி வந்திருக்கிறார்.

"எங்கப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்துல பத்தொன்பது வருஷம் டிரில் புடிச்சவரு. டிரில் அதிர்ந்து அதிர்ந்து விரல் இப்படித்தான் வெளுத்து மரத்துப்போச்சு. ஒருநாள், நிறுத்திட்டோம்னு நெனச்சுக் கையைக் கொண்டு போனாரு. நிறுத்தலை."

தனலக்ஷ்மி நோட்டில் இன்றைய பக்கத்துக்குப் புரட்டினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரில காட்டலாம், சொல்லி வச்சிருக்கேன். பட்டியலுக்கும் மார்க்கிங்னு போட்டு உங்க பேரை எழுதிக் குடுத்துட்டேன். நாலு நாள்ல உங்க கோட்டுல ஒரு டைல்ஸ்கூட வீணாகலை. எண்ணிப் பார்த்தேன்."

பச்சைமுத்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அத்தனை பேர் முன்னால அந்தம்மா திட்டினாங்களே... அப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

தனலக்ஷ்மி நோட்டை மூடினாள்.

"உங்க விரலைச் சொன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் மறந்துட்டேன்னு சொன்னா எனக்கு ரெண்டு திட்டு. அவ்ளோதானேண்ணா!"