ஏழாம் நத்தை

"கடலக் கொண்டாந்து வைக்கிறேன்னு சொல்லிட்டுக் குட்டையக் கொண்டாந்து வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. உப்புநீர் மீன்தொட்டி வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. காலையில் சுரண்டினால் சாயங்காலத்துக்குள் பாசி மறுபடி கண்ணாடியை மூடிவிடும். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பாசியைத் தின்பதற்காக மீன்கடையில் பத்து நத்தைகள் வாங்கினான். ஆறு வயது மகள் சிவப்பு நகப்பூச்சால் ஓடுகளில் எண் போட்டாள். ஏழு மட்டும் அவளுக்கு எப்போதும் இடவலம் மாறித்தான் வரும். அதனால் நைசாக அதைத் தாண்டி, கடைசி நத்தைக்குப் பதினொன்று போட்டாள்.

ஒரே வாரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. அவன் நத்தைகளை எண்ணினான். பதினொன்று இருந்தன. மறுபடி எண்ணினான். புதிதாக வந்ததன் ஓட்டில் இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. அதை டப்பாவில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினான்.

"இது நம்ம கடை நத்தையே இல்ல சார். இவ்ளோ படியணும்னா பத்து வருஷமாவது ஆகும்" என்ற கடைக்காரர், கத்தி முனையால் படிவைப் பெயர்த்தார். அடியில், இடவலம் மாறிய ஒரு சிவப்பு ஏழு.

கடைக்காரர் அதைத் தடவிவிட்டு, சிவப்பு ஒட்டிய தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், இன்னும் காயவே இல்ல?"