மூன்று மாத ஓட்டம்

"ஷூவைக் கொஞ்சம் கழட்டுங்க சார், அடியைப் பார்க்கணும்" என்றாள் பிசியோதெரபிஸ்ட் பெண்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முட்டி வலி என்று வந்தால் முட்டியைப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதானே? ஷூவுக்கா வலிக்கிறது?

பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையையும் விடமாட்டேன் என்கிற தோரணையில். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அவள். நழுவ வழியே இல்லை.

மூன்று மாதமாக ஓடுகிறான். விடிகாலை ஐந்தரைக்கு ஷூ மாட்டிக் கிளம்பினால் ஏழு மணிக்கு வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்பான். நாற்பத்தேழு வயதில் திடீரென்று முளைத்த ஆசையைப் பார்த்துக் குடியிருப்பில் அவனுக்கு 'மாரத்தான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன வாரம் அவன் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கியதைப் பார்த்து, மாரத்தானுக்குப் பஞ்சர் என்று சிரித்தார் எதிர்வீட்டுக்காரர்.

மனைவி சிரிக்கவில்லை. வரமாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

பிசியோதெரபிஸ்ட் ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த கோடுகள் கடையில் வாங்கியபடி அப்படியே இருந்தன. தேய்ந்திருந்ததெல்லாம் முன்னால், விரல்கள் மடங்குகிற முனையில். இரண்டு ஷூவிலும் அங்கே துணி நைந்து உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது.

பிறகு அவன் முட்டிச்சில்லின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நீர் கோத்த வீக்கம் மெத்தென்று அமுங்கியது. அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஓடறவங்களுக்கு இந்த இடத்துல வீங்காது சார். இது அடிக்கடி மண்டி போடறவங்களுக்கு வர்றது. எதுவா இருந்தாலும் ஆறு வாரம் நிறுத்திடுங்க."

"ஆறு வாரமா? ஒரு நாள் கூட முடியாதுங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான்கு தெரு தள்ளி ஒரு கீழ்த்தள அறையில், தரையில் போட்ட மெத்தையில் ஒரு மனிதர் கிடக்கிறார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பகலில் பார்த்துக்கொள்ளும் ஆள் வர எட்டு மணியாகும். இவன் போகாவிட்டால் அதுவரை ராத்திரி நனைந்த துணியிலேயே கிடக்க வேண்டியதுதான். முதுகில் ஏற்கெனவே ஒரு புண். துடைத்து, மருந்து போட்டு, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எல்லாமே ஈரமான சிமெண்ட் தரையில் ஷூவோடு மண்டி போட்டுத்தான். ஒரு நாள் போகாவிட்டாலும் அந்தப் புண் பெரிதாகிவிடும்.

அவர் பேச்சே இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று மனைவி சொல்லி ஒன்பது வருடமாகிறது. நடுவில் ஒரு தடவை இவன் வாய் தவறிப் பெயரைச் சொல்லிவிட்டு, மூன்று நாள் வெறும் ரொட்டியைத் தின்றான். அடுப்பே எரியவில்லை.

வேறு யாராவது என்றால் நேருக்கு நேர் நின்று சொல்லியிருப்பார்கள். இவனுக்கு ஏது அந்தத் தைரியம்? ஷூ வாங்கினான்.

மனைவி எழுந்து போய் அந்த ஷூவைக் கையில் வாங்கினாள். நைந்த முனையை விரலால் தடவினாள்.

அவள் தையல்காரி. துணி எந்த இடத்தில் எதனால் நைகிறது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவனுடைய டிராக் பேண்ட்டின் முட்டிகளுக்கு அவளே இரண்டு தடவை ஒட்டுப் போட்டுத் தந்திருக்கிறாள். ஏன் கிழிந்தது என்று இரண்டு தடவையும் கேட்கவில்லை.

அவள் கேட்கவில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இங்கேயே, இந்தப் பெண் எதிரிலேயே வெடிக்கப் போகிறாள் என்று நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இவர் ஆறு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும்மா" என்றாள் மனைவி பிசியோதெரபிஸ்டிடம். "அதுவரைக்கும் இவருக்குப் பதிலா நான் ஓடறேன்."

அந்தப் பெண் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, முட்டிக்குக் கட்டும் பட்டையை எடுத்துவர அடுத்த அறைக்குப் போனாள்.

மனைவி தரையில் உட்கார்ந்தாள். அவன் காலை இழுத்து ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினாள். கோபமாகத்தான் கட்டினாள், நரம்பு தெறிக்கிற மாதிரி இறுக்கினாள். தலையை மட்டும் நிமிர்த்தவே இல்லை.

"எங்கப்பாவுக்கு இன்னும் இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வருதா?"