கெடு தாண்டிய குளியலறை

நகராட்சி அலுவலக ஜன்னல்களில் மழை சாய்வாக வழிகிறது. கட்டட அனுமதிப் பிரிவின் சுவர்த் திரையில் இந்தக் காலாண்டு விண்ணப்பங்கள் ஒளிர்கின்றன. கெடுவுக்குள் முடிந்தவை பச்சை, தாண்டியவை சிவப்பு. சிவப்பில் இன்னும் ஒன்று கூடினால் லண்டனிலிருந்து அரசு விளக்கம் கேட்கும். அனுமதி அதிகாரி தெல்மாவின் முழங்கையருகே தேநீர் ஆடை படர்ந்து ஆறிக் கிடக்கிறது. அவள் கணினியில் ஆர்மராட் என்பவரின் விண்ணப்பம்: நடக்க முடியாத மனைவிக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை. அனுமதி ஆணை தயார். ஆனால் கெடு நேற்றே முடிந்துவிட்டது. பிரிவுத் தலைவர் கிளைவ் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறார். "ஆணையை அனுப்புறதுக்கு முன்னாடி, கொஞ்சம் அவகாசம் வேணும்னு அவர்கிட்ட கேளும்மா. அவர் சரின்னுட்டா கெடு தள்ளிப் போயிடும், கணக்குல பச்சைதான். எல்லா ஊர்லயும் செய்றதுதானே." "சரின்னுதான் சொல்வாரு கிளைவ். மறுத்தா அனுமதி கிடைக்காதோன்னு பயந்துக்கிட்டு." "இல்லேன்னா நம்ம தலை உருளும்." "முதல்ல என்னோடது உருளட்டும். விண்ணப்பம் என்கிட்டதானே தூங்குச்சு." அவள் சுட்டியை நகர்த்தி அழுத்துகிறாள். ஆணை போய்விட்டது, இனி அவகாசம் கேட்க வழியில்லை. கிளைவ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மறுபடியும் துடைக்கிறார். தெல்மா தொலைபேசியை எடுக்கிறாள். "மிஸ்டர் ஆர்மராட், உங்களுக்கு அனுமதி கொடுத்தாச்சு. தாமதம் எங்க தப்பு." மறுமுனையில் ஒரு நாய் குரைக்கிறது. அவர் வீட்டுக்குள் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுக்கிறார்: "வின்னி, கொத்தனாரை வரச் சொல்லலாமாம்."