டிராகன் வயிற்றில் ஒரு வில்லை

வந்த ஆள் மேஜைமேல் வைத்தது ஒரு பெரிய நாணயம் அளவுக்கு வெள்ளை வில்லை. சாவிக்கொத்தோ பெட்டியோ தொலைந்தால், எங்கே கிடக்கிறதென்று செல்போனில் காட்டிக் கொடுக்குமே, அந்தச் சமாசாரம்.

"இதை உள்ள வச்சு ஒரு டாலர் பண்ணணும், பத்தரே. வெளிய பார்த்தா டிராகன். றெக்கை, செதில் எல்லாம் வெள்ளிக் கம்பி வேலையில வேணும்."

பத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். டிராகனை அவர் பார்த்ததில்லை. அதற்காக வந்த வேலையைத் திருப்பி அனுப்பியும் பழக்கமில்லை.

"யாருக்கு?"

"பொண்டாட்டிக்கு. மாயாஜாலக் கதையாப் படிச்சுத் தள்ளுவா. டிராகன்னா உயிர்." குரலைத் தாழ்த்தினான். "உள்ள இது இருக்கிறது அவளுக்குத் தெரியக் கூடாது."

பத்தருக்குச் சுருக்கென்றது.

"மூடின டப்பாவா பண்ணிட்டா சிக்னல் வெளிய வராது. கம்பி வேலைன்னா சந்து சந்தா இருக்கும் பாருங்க" என்றான். எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான், படுபாவி.

பத்தர் வில்லையின் அகலத்தையும் கனத்தையும் அளந்து குறித்துக்கொண்டார். "அளவு போதும், தம்பி. இதை எடுத்துட்டுப் போங்க. ஊதிப் பத்த வைக்கிற வேலை, நெருப்புக்கிட்ட இது தாங்காது. கடைசியில டிராகன் வயித்தை மூடுறப்போ கொண்டு வந்தாப் போதும்."

"வேண்டாம் வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும். ஆன்லயே இருக்கட்டும். கடையில வச்சுட்டுப் போகாதீங்க, உங்க வெள்ளியோட சேர்த்துப் பத்திரமா வச்சிருங்க. என் வீட்டுல வச்சா அவ கண்ணுல பட்டுரும்."

அதுவும் நியாயம்தான். சரக்கைப் பத்திரப்படுத்துவதில் பத்தர் அந்த வட்டாரத்துக்கே பேர்போனவர். கடையை இரண்டு தடவை உடைத்தார்கள், வீட்டை ஒரு தடவை. மூன்று தடவையும் தூசிதான் கிடைத்தது. கடையை மூடியதும் வெள்ளியெல்லாம் எங்கே போகிறது என்பது அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நமக்கும் சொல்ல மாட்டார்.

ஆள் போனதும் பத்தர் வேலையில் உட்கார்ந்தார். முடி கனத்துக்கு இழுத்த இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, தட்டையாக்கி, சாமண இடுக்கியால் சுருட்ட வேண்டும். சுருள் சுருளாக வரவேண்டியது கோணல் கோணலாக வந்தது. மனசு தங்கச்சியிடம் போய்விட்டது. அவள் புருஷனும் இப்படித்தான், போனை வைத்தே அவளை வேவு பார்த்தான். மார்க்கெட்டில் பத்து நிமிஷம் கூட நின்றால், யாரோடு நின்றாய் என்று அடி. அவனை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் செல்போன் மணி அடித்தால் அவள் முகம் வெளுத்துவிடும்.

இப்போது யார் பெற்ற பெண்ணோ, டிராகனை ஆசையாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாள். அதைச் செய்து கொடுப்பவர் இவர். பத்தருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் கடையை மூடிவிட்டு, வில்லையோடு நேராக மச்சான் வீட்டுக்குப் போனார். சம்சாரத்தின் தம்பி. போலீஸில் ராத்திரி டியூட்டி. பகலில் யாரும் எழுப்பக் கூடாதென்று முன்கதவில் வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, பின்பக்கமாக உள்ளே போய்த் தூங்குகிறவன். பத்தரும் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் போனார்.

"புகார் கொடுக்க ஆளில்லாம நான் என்ன மாமா பண்றது?" என்று மச்சான் கொட்டாவி விட்டான்.

"அவன் யாரு, அந்தப் பொண்ணு யாருன்னு கண்டுபிடி. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. அது போதும்."

"டிராகனுக்கு என்ன பண்ணுவீங்க?"

"இதே அளவுல பித்தளையில ஒண்ணு வெட்டி உள்ள வச்சு மூடிடறேன். போனைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு உக்காரட்டும்."

"ஊர் வம்பெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாமா?" என்று சலித்துக்கொண்டாலும், மச்சான் வில்லையை வாங்கி பீரோவுக்குள் போட்டுக்கொண்டான்.

நாலு நாளில் டிராகன் றெக்கையை விரித்தது. வாலில் மட்டும் கொஞ்சம் பல்லி ஜாடை. பித்தளை வில்லையை உள்ளே வைத்து பத்தர் வயிற்றை மூடிக்கொண்டிருந்தபோது, மத்தியானம் மச்சானிடமிருந்து போன்.

"மாமா, உங்க டிராகன் ஆளு இங்க இருக்கான். பின்கதவை நெம்பிட்டு வந்தான். அமுக்கிட்டேன், வாங்க."

பத்தர் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். வில்லை கை மாறியது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தேடிக்கொண்டு வந்துவிட்டான். வருவதற்கு முன்னால் அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டில் அவள்மேல் காட்டிவிட்டு வந்தானோ என்னவோ. செருப்புப் போடக்கூட மறந்து ஓடினார்.

மச்சான் வீட்டில் பீரோ திறந்து கிடந்தது. ஆள் கட்டில் காலோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கடப்பாரை, இரண்டு காலிக் கோணிப்பைகள்.

பத்தர் பொரிந்து தள்ளிவிட்டார். "கட்டினவளை நம்பத் துப்பில்லாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? அவ என்ன ஆடா மாடா, மணி கட்டி விட? எத்தனை நாளா இப்படிப் பின்னாலயே திரியுற? சொல்லுடா, இப்ப எங்க இருக்கா அவ? அவளை என்ன பண்ணின?"

மச்சான் பத்தரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"மாமா, நாலு நாளா இவன் போன்ல பார்த்துட்டு இருந்தது உங்க வெள்ளியெல்லாம் எங்க போய்த் தங்குதுன்னுதான், இவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."