அடியில் பரப்பிய மணல்

பஸ் நிலையம் கட்டுவதற்கு முன்னால் கோட்டை மதிலோரம் ஐந்து சோதனைக் குழிகள் தோண்டச் சொல்லியிருந்தார்கள். நான்கில் ஒரு பானை ஓடுகூட இல்லை. ஐந்தாவதான இதிலும் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டால் தொல்லியல் அதிகாரி வாசுகியின் வேலை முடிந்தது. மதிலின் அஸ்திவாரத்துக்கும் நாலடி கீழே போனபோது குழிக்குள் தோண்டிக்கொண்டிருந்த கூலியாள் சவரியம்மாவின் கொத்துக்கரண்டி சரசரத்தது.

"மேடம், நீங்க போடுற மணலாட்டம் இருக்கு."

வாசுகி இறங்கிப் பார்த்தாள். குழியை மூடுமுன் அடியில் ஆற்றுமணல் பரப்பி, நடுவில் அந்த வருடத்து நாணயம் ஒன்றை வைப்பது அவள் வழக்கம். பின்னால் தோண்டுகிறவர்களுக்கு அது சேதி: இதுவரை பார்த்தாயிற்று, இதற்குக் கீழே மனிதக் கை படாத மண். இங்கேயும் மணல் சீராகப் பரப்பியிருந்தது. நடுவில் தேயாத நாணயம் ஒன்று, அவளுக்குத் தெரிந்த எந்த ராஜாவுடையதும் இல்லை. கோட்டை கட்டுமுன்பே யாரோ சோதித்திருக்கிறார்கள்.

"கைபடாத மண்ணு வந்துடுச்சுல்ல மேடம்? லாரி காலையிலேர்ந்து நிக்குது." மேலே எஞ்சினியர் தாளும் பேனாவுமாகக் குனிந்தார்.

வாசுகி பேனாவை வாங்கவில்லை. மணலை ஒதுக்கினாள். கீழே கரிய களிமண். கடப்பாரையை வைத்ததும் அழுத்தாமலே முழங்கை ஆழம் இறங்கியது.

"அக்கா, பிடிங்க."

இருவருமாக இழுத்தார்கள். கடப்பாரை நெடுகக் கரிய களி அப்பியிருந்தது. நுனியில் மட்டும் மறுபடியும் அதே வெள்ளை ஆற்றுமணல்.

சவரியம்மா சேலையில் கையைத் துடைத்தாள். "எத்தன பேரு மேடம், இப்படிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க?"