பால் இல்லாத வீடு

முதலில் உடைந்தது ஓவனின் கண்ணாடி. அடுத்து உடைந்தது அவளுடைய உதடு.

“எங்கடி எம்பொண்ணு?”

பால் வண்டிக்காரனின் கையில் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பி இருந்தது. பெண்டாட்டி கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், முறித்தவன் இவனேதான். ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவள் அலறியடித்துக்கொண்டு பின்னால் வருவாள், போலீசில் கொடுத்த புகாரையும் வாபஸ் வாங்குவாள் என்று கணக்குப் போட்டு வந்திருந்தான்.

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அவன் பெண்டாட்டியின் அக்கா, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “இங்க இல்ல தம்பி. எங்கிட்ட யாரும் விடல.”

தம்பி என்றதும் அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து, அவள் முகத்தை மாவுப் பாத்திரத்துக்குள் அழுத்தினான். மூச்சுக்குத் தவித்து அவள் கைகாலை உதறிய பிறகுதான் விட்டான். மூக்கிலிருந்து ரத்தம் மாவில் சொட்டியது.

“சொல்றியா, இல்லையா?”

“இல்லன்னா இல்லதான்.”

அறைகளுக்குள் புகுந்தான். கட்டிலைக் கவிழ்த்தான், பீரோவைச் சாய்த்தான், குளியலறைக் கதவை உதைத்தே உடைத்தான். ஒரு சின்னச் செருப்புகூட அகப்படவில்லை. மறுபடி சமையலறைக்கு வந்தான். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி ஒன்றுதான் பாக்கி.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீருக்காக முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பால் இல்லை. தயிர், வெண்ணெய் எதுவும் இல்லை. ஒரு முட்டைகூட இல்லை.

“கேக் விக்கிறவ வீட்ல முட்டையக் காணோம்?”

“ஆர்டர் அப்படி. முட்டை, பால் எதுவும் ஆகாது. வாழைப்பழத்த மசிச்சு, தேங்காய் எண்ணெய் ஊத்தி, புதுப் பாத்திரத்துலயே செஞ்சேன்.”

“அதுக்குப் புதுச் சட்டி, புதுக் கரண்டி வேறயா? கொழுப்புடி உங்களுக்கு.”

மேசையில் ஆறிக்கொண்டிருந்த கேக்கில் ஒரு கை பிய்த்து வாயில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் அவனுக்குக் கோபமாகவே வந்தது.

ஆனால் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. பதினோரு வருடமாக வீடு வீடாகப் பால் போடுகிறவன் அவன். எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது, எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று பாக்கெட் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடுவான். இன்றுவரை தப்பியதில்லை என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

“எம்பொண்ணுக்குன்னு தெனம் ரெண்டு பாக்கெட் கொண்டாந்து போட்டவன் நான். அவ இங்க இருந்தா ஒரு சொட்டுப் பால் இல்லாம இருக்குமா? வேற எங்கயோதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க.”

போகிற போக்கில் அவள் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டான். “நாளைக்கு வருவேன். அவ எங்கன்னு சொல்லலேன்னா, இந்தக் கம்பி உன் மண்டையிலதான் எறங்கும்.”

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை அவள் தரையிலேயே கிடந்தாள். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய், தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள்.

இரண்டு சின்னக் கால்கள் வெளியே நீண்டன. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குழந்தை ஊர்ந்து வெளியே வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“போயிட்டார்டா கண்ணு. பெரியப்பா கார் எடுத்துட்டு வர்றாரு. இப்பவே கெளம்பிடலாம்.”

குழந்தை தலையை நிமிர்த்தி, தனக்காகச் செய்த கேக் பிய்ந்து கிடப்பதைப் பார்த்தது.

“பெரியம்மா... எனக்குப் பால் ஆகாதுன்னு அப்பாவுக்கு இன்னுமா தெரியாது?”