பெரியவருக்கு வண்டி வரவில்லை

"யோவ் பெரிசு! கிளட்ச்சைப் புடின்னா விடுற, விடுன்னா புடிக்கிற. அது உன் கைதானா, வாடகைக்கு எடுத்துட்டு வந்தியா?"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் மைதானத்து மரத்திலிருந்த காக்கைகள்கூடக் கிளம்பிவிட்டன.

பெரியவர் வண்டியோடு சாய்ந்து கிடந்தார். ஹெல்மெட்டில் புல் ஒட்டியிருந்தது. தட்டித் தடுமாறி எழுந்து, அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்த நர்ஸும் சிரித்துவிட்டாள்.

அதுவரை அவள், பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுதான் நின்றிருந்தாள். அவள் வேலை பார்த்த வார்டை மூடிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்றுதான் பாக்கி இருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தால் அது அவளுக்கு, இல்லாவிட்டால் வேறொருத்திக்கு. ஆனால் வண்டி என்றாலே அவளுக்குப் பயம்.

"அடுத்து யாரு?"

இவரைவிட மோசமாகவா விழப்போகிறோம் என்று தோன்றியது. கை தானாக உயர்ந்தது.

இப்போது அந்த மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் பெட்ரோலும் ஈரப்புல்லும் கலந்த வாசனை எங்காவது வந்தால் போதும்; அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் இளவெயிலும், கைப்பிடியின் நடுக்கமும் அவள் உள்ளங்கைக்குள் திரும்பி வந்துவிடும். என்ன பயம்! என்ன சிரிப்பு!

மற்றவர்களிடம் மாஸ்டர் தங்கமான மனுஷன். வண்டி வாங்குவதைப் பற்றி யார் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வான்.

"ஓட்டக் கத்துக்காம வண்டி வாங்காதீங்க. கலரைப் பார்த்தும் வாங்காதீங்க. முதல் வண்டி பழசா இருக்கட்டும், கீறல் விழுந்தா மனசு வலிக்காது. உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும். கீழ போட்டா நீங்களே தூக்கி நிறுத்தணும். அதுக்கு ஊரைக் கூட்டக் கூடாது."

"அப்ப எனக்கு எந்த வண்டி தம்பி சரிப்படும்?" என்று பெரியவர் கேட்பார்.

"உனக்கா? நடைவண்டி! புடிச்சுக்கிட்டே நடக்கலாம், விழ மாட்ட."

மறுபடி ஒரே சிரிப்பு.

நர்ஸுக்கு கியர் பிடிபட்டது. வளைவு பிடிபட்டது. பயம் போகப் போக, சிரிப்பும் போய்விட்டது. ஒருநாள் குழாயடியில் பெரியவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டாள்.

"ஏங்கய்யா, இந்த வயசுல இப்படியெல்லாம் பேச்சு வாங்கணுமா? வீட்டுல நிம்மதியா இருக்கலாம்ல?"

"வீட்டுல யாரும்மா இப்படித் திட்டுவாங்க?" என்றார் அவர். "அதை விடு. நீ இன்னைக்கு அந்த வளைவுல காலை ஊனவே இல்லை. பார்த்தேன்."

தான் விழுந்து எழும் மனுஷர், அடுத்தவள் காலைக் கவனித்திருக்கிறார். அவரைப் போய் இந்த மாஸ்டர் வாய்க்கு வந்தபடி பேசுகிறானே!

அன்றைக்கே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். டெஸ்ட் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டெஸ்டில் பாஸானாள். லைசென்ஸ் வந்தது. வேலையும் கிடைத்தது. கீறலும் கோணலுமாக, ரெண்டு காலும் தரையில் படுகிற பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வாங்கினாள். அடுத்த ஞாயிறு அதிலேயே மைதானத்துக்குக் கிளம்பினாள். வண்டியைக் காட்ட வேண்டும். கூடவே மாஸ்டரை நேருக்கு நேர் கேட்கவும் வேண்டும்.

'கத்துக் கொடுத்தீங்க, நன்றி. ஆனா வயசுக்கு மரியாதை கொடுக்க உங்களுக்கு யாருமே கத்துக் கொடுக்கலையா?' வழி நெடுக ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்பு முடிந்து, எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கேட் அருகே வண்டியை நிறுத்தினாள்.

உள்ளே ஒரே ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக வைத்திருந்த கோன்களுக்கு நடுவே வளைந்து, நெளிந்து, எட்டுப் போட்டுத் திரும்பியது. ஒரு இடத்திலும் கால் தரையைத் தொடவில்லை. பேனாவை எடுக்காமலே எழுதி முடித்த கையெழுத்து மாதிரி இருந்தது.

ஓட்டியவர் பெரியவர்.

நர்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

மாஸ்டர் பஞ்சும் மருந்துமாகப் புல்லில் உட்கார்ந்திருந்தான். "போதும்ப்பா, இறங்குங்க. முழங்காலைக் காட்டுங்க. இன்னைக்கு நல்லாவே அடிபட்டிருக்கு."

பெரியவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, அவன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"கால் கிடக்கட்டும்டா. நீ இன்னைக்குத் திட்டினதெல்லாம் ஒரு திட்டா? ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பைக் காணோம்."

"முடியலப்பா. அத்தனை பேருக்கு முன்னாடி, பெத்த அப்பாவைப் போய்…"

"எனக்கே பாடம் சொல்லாதே. உனக்கு முன்னாடி இந்த வகுப்பை நடத்தினவன் நான். பயந்தவங்களை நல்ல வார்த்தை சொல்லி வண்டியில ஏத்த முடியாது. அந்த மஞ்சச் சட்டைப் பொண்ணைப் பார்த்தியா? இன்னைக்கும் வண்டிகிட்டயே வரலை. அடுத்த வாரம் நான் இன்னும் நல்லா விழறேன், நீ இன்னும் நல்லாத் திட்டு. அவ ஒரு தடவை சிரிச்சுட்டான்னா, ஏறிடுவா."